லெஃப்ட் போட்டு நேரே போனவன்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பதியிலிருந்து சித்தூருக்குத் திரும்பும்போது, மாப்பிள்ளை தினேஷ் கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறக்கவில்லை. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அடுத்த மாதம் நாராயணவனத்தில் உனக்குக் கல்யாணம். அதற்குள் இதை எழுதி முடித்து உன் கையில் கொடுத்துவிட வேண்டும். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் உறையை ஒட்டப் போவதில்லை. தினேஷ் படிக்கட்டும், அவனைப் பெற்றவர்கள் படிக்கட்டும், உன் அம்மா படிக்கட்டும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் கைமாற்றிப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு காலத்தில் நடு ரோட்டில் நின்று ஊர் கேட்க ஒரு பொய் சொன்னவன் நான். அதைத் திருத்துவதை மட்டும் ஒட்டிய உறைக்குள் வைத்துச் செய்தால் அதுவும் ஒரு பொய்தான்.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா. தினேஷ் ஓட்டினான், பக்கத்தில் நான், பின்னால் நீ. ஊருக்குள் நுழைந்ததும் நான்கு ரோடு சேருகிற இடத்தில் ஒரு சின்ன ரவுண்டானா வந்தது. ட்ராக்டரின் பெரிய டயர் இரண்டைப் படுக்கப் போட்டால் அதை மூடிவிடலாம், அவ்வளவுதான் அளவு. நாம் நேராகப் போக வேண்டும். உன் வருங்காலக் கணவன் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அழுத்தினான். நான்கு மூலையிலும் விளக்கு மின்ன, தேர் மாதிரி உள்ளே நுழைந்தான். நீ நிதானமாகத்தான் சொன்னாய்: நான்கும் மின்னினால் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது, நேராகப் போவதானால் நுழையும்போது எதுவும் வேண்டாம், முதல் ரோட்டைத் தாண்டிய பிறகு லெஃப்ட் போட்டு வெளியேறினால் போதும் என்று. அவன் சிரித்தான். “இந்தத் தம்மாத்தூண்டு ரவுண்டானாவுக்குப் போய் லெஃப்டு, ரைட்டுன்னு போட்டுக்கினு இருந்தா வூடு போய்ச் சேர முடியுமா? மாமாவையே கேளு. இருபது வருசமா அடிபட்ட வண்டியா பாத்துக்கினு கீறாரு” என்று என் முகத்தைப் பார்த்தான். நான் டேஷ்போர்டைப் பார்த்தேன்.

இருபது வருடம் இல்லை, இருபத்தாறு. இன்சூரன்ஸ் சர்வேயர் என்றால் நொறுங்கிய வண்டியைச் சுற்றி வந்து யார் சொல்வது பொய் என்று கண்டுபிடிக்கிற வேலை. அந்த இருபத்தாறு வருடத்தில் இந்த ஜில்லாவில் வண்டி ஓட்டுகிறவர்கள் மேல் எனக்கு எள்ளளவு மரியாதையும் மிஞ்சவில்லை. நேராகப் போவதற்கு நான்கு விளக்கையும் போடுகிற கூட்டம் ஒன்று. வண்டி பழுதாகி நின்றால் போட வேண்டிய விளக்கு அது. அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவன், என் மூளை பழுதாகிவிட்டது, எல்லாரும் விலகிப் போங்கள் என்று ஊருக்கு அறிவிக்கிறான். இன்னொரு கூட்டம் திரும்பி முடித்த பிறகு விளக்கைப் போடும். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிற மாதிரி. பைக் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் புத்தூரில் போட்ட ரைட் இண்டிகேட்டரை நகரி வரைக்கும் அணைக்காமல் போவார்கள். ஆட்டோக்காரர் காலை வெளியே நீட்டுவார், அந்தக் கால் எந்தத் திசையைச் சொல்கிறது என்று அந்தக் காலுக்கே தெரியாது. பெரிய வண்டிக்காரர்கள் இருக்கிறார்களே, முன்னால் கொடி, கண்ணாடியில் கட்சித் தலைவர் படம், அவர்களுக்குச் சின்ன ரவுண்டானா என்பது சாலையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பூந்தொட்டி. சுற்றிப் போவதே கௌரவக் குறைச்சல், இதில் விளக்கு வேறா.

இவர்கள் எல்லாரும் சொல்கிற நியாயம் ஒன்றே ஒன்று. ரவுண்டானா சின்னது, அதனால் விளக்கு வேண்டாம். மடையர்கள். பெரிய ரவுண்டானாவில் ஒருவன் எங்கே போகிறான் என்று பார்த்துப் புரிந்துகொள்ள நேரம் இருக்கிறது. சின்னதில் அந்த நேரம் கிடையாது, கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்கேதான் நீ முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இடது பக்கம் முதல் ரோட்டில் திரும்புகிறாயா, நுழைவதற்கு முன்பே லெஃப்ட் போடு. வலது பக்கம் போகிறாயா, வந்த ரோட்டிலேயே சுற்றித் திரும்புகிறாயா, நுழைவதற்கு முன் ரைட் போட்டு, அதோடேயே சுற்றி வந்து, உன் ரோட்டுக்கு முந்தின ரோட்டைத் தாண்டியதும் லெஃப்டுக்கு மாற்று. மாற்ற இடமே இல்லாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் அதை விட்டாலும் விடு, நுழையும்போது போடுவதை மட்டும் விடாதே. நேராகப் போகிறாயா, நீ தினேஷுக்குச் சொன்னதுதான். நுழையும்போது ஒன்றும் வேண்டாம், முதல் ரோடு கழிந்த பிறகு லெஃப்ட். இதில் ஒரு நொடி முந்தினாலும் ஆபத்து. முதல் ரோட்டைத் தாண்டுவதற்கு முன் லெஃப்ட் மின்னினால், அந்த ரோட்டில் காத்திருக்கிறவர் நீ அங்கேயே திரும்புகிறாய் என்று நம்பி வண்டியை எடுத்துவிடுவார். விளக்கே போடாதவன் சோம்பேறி, அவ்வளவுதான். தப்பான விளக்கைப் போட்டவன் ஒருத்தரைக் கூப்பிட்டு வைத்து அடிக்கிறான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. பாடம் நடந்த நாள் உனக்கு நன்றாக நினைவிருக்கும், ஆனால் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான்கு வருடத்துக்கு முந்தைய மாங்காய் சீசன். பங்காருபாளையத்தில் கவிழ்ந்த ஒரு மாங்காய் லோடு வண்டியைப் பார்க்கப் புறப்பட்டேன். உனக்குக் காலேஜ் லீவு, எல்.எல்.ஆர். வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ரோட்டைப் பார்த்துப் பழகிக்கொள்கிறேன் என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாய். நம் தெருவைத் தாண்டியதும் அந்தச் சின்ன ரவுண்டானா. அப்போதுதான் புதிதாகக் கட்டியிருந்தார்கள், சிமென்ட் கூட இன்னும் வெளுக்கவில்லை. நேராகப் போகிற நான் கொஞ்ச தூரத்திலேயே லெஃப்ட் போட்டேன். ரவுண்டானா என்றால் எப்படியும் இடது பக்கமாகத்தானே சுற்றுகிறோம், போட்டு வைத்தால் நல்லது என்பது என் கணக்கு. இப்பவே போட்டா இந்த முதல் ரோட்டுக்குத் திரும்பறோம்னு நெனைச்சுக்குவாங்க நைனா என்று நீ சொன்னாய். எல்.எல்.ஆர். வாங்கி ஏழு நாள் ஆனவள் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டு, உன்னைப் போலவே குரலை மாற்றிப் பேசிக் காட்டினேன். நீயும் லேசாகச் சிரித்தாய் என்று நினைக்கிறேன். நான் இன்னும் அந்தக் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தபோது இடது ரோட்டிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் உள்ளே வந்தாள்.

வண்டியின் இடது முன் மூலை அவள் மேல் பட்டது. பெரிய வேகம் இல்லை. ஆனால் கீழே விழுகிறவர் கையைத்தான் ஊன்றுவார், அவள் வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு உடைந்தது. நம் வண்டியின் மஞ்சள் கண்ணாடி சில்லுசில்லாகத் தெறித்துவிட்டது. ஆனால் உள்ளே பல்பு உடையவில்லை, லெஃப்ட் என்று மின்னிக்கொண்டே இருந்தது. கதவைத் திறப்பதற்கு முன், கீழே கிடந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்ப்பதற்கு முன், நான் முதலில் செய்தது கையை நீட்டி அந்த இண்டிகேட்டரை அணைத்ததுதான். யோசித்துச் செய்யவில்லை என்று சொல்ல ஆசை. யோசித்துத்தான் செய்தேன். அணைந்த விளக்கு சாட்சி சொல்லாது என்பது என் தொழிலில் பாலபாடம். நீ என் கையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையைத் தாங்காமல்தான் அவ்வளவு அவசரமாகக் கீழே இறங்கினேன்.

கூட்டம் கூடியது. அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். வலியில் முகம் கோணிப் போயிருந்தாலும் அவள் பேசியது தெளிவாக இருந்தது. “லெஃப்ட் லைட்டு போட்டுக்கினு வந்தியே சார். அத்தப் பாத்துதான நான் வண்டிய எடுத்தேன்.” அந்தப் பக்கமாக வந்த கான்ஸ்டபிள் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, முன் சீட்டிலிருந்து இறங்கிய உன்னிடம் தெலுங்கில் கேட்டார், நீ என்னம்மா பார்த்தாய் என்று. நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன். நல்ல ஆபீஸ் தெலுங்கில், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, நான் எந்த விளக்கும் போடவில்லை, நேராகப் போகிறவன் ஏன் போடப்போகிறேன், வலது பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழி விட்டு நிற்க வேண்டியது அந்த அம்மாவின் கடமை, வெயிலில் கண் கூசி ஏதோ பார்த்ததாக நினைத்திருப்பார் பாவம் என்றேன். நான் சர்வேயர் என்பதையும் சொல்லி வைத்தேன். கூட்டம் என் பக்கம் சாய்ந்தது. வெள்ளைச் சட்டை போட்ட சர்வேயர் சொன்னதற்கும், ரோட்டில் உட்கார்ந்து அழுகிற ஒரு தையல்காரி சொன்னதற்கும் நடுவில் கூட்டம் எதை நம்பும் என்பது எனக்குத் தெரியாதா. நீ வாயை மூடிக்கொண்டாய்.

பிறகு நானே அவளை நம் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தப்பு அந்தம்மா பேரில் இருந்தும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாரே என்று அங்கே நின்ற ஒருவர் என்னைப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். நம் வண்டியைப் பார்க்க வந்த சர்வேயர் என் சிநேகிதன். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, நமக்குள்ள என்ன என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். எத்தனை பேரின் பொய்யை நான் வீட்டுக்கு வந்து உனக்கும் உன் அம்மாவுக்கும் நடித்துக் காட்டியிருப்பேன். பின்னால் வந்து இடித்துவிட்டு, முன்னால் போனவன் திடீரென்று ரிவர்ஸ் எடுத்தான் என்று சத்தியம் செய்த ஜவுளிக்கடைக்காரர், இல்லாத மாட்டின் மேல் பழி போட்ட லாரி டிரைவர், எல்லாரையும் வைத்துச் சிரித்திருக்கிறோம். அவர்களில் ஒருவனும், கீழே விழுந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு முன் விளக்கை அணைத்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. நான் பார்த்த கேவலங்களில் முதல் இடம் எனக்குத்தான்.

நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து யாரிடமோ ஓட்டக் கற்றுக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னோடு வரும்போது பின் சீட்டில்தான் உட்கார்ந்தாய். போன் நோண்டுவதற்கு அதுதான் வசதி போல என்று உன் அம்மாவிடம் நான் விளக்கம் சொன்னேன். அவளும் நம்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பின்னாலிருந்து தினேஷிடம் சொல்லி, அவன் சிரித்து, நான் டேஷ்போர்டைப் பார்த்தபோதுதான், நான்கு வருடத்துக்கு முன் நடந்தது இன்னும் முடியவில்லை என்று எனக்கு உறைத்தது. சரியாகச் சொன்னவளைக் கேலி செய்யலாம், கேலி செய்தால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று அவன் அன்று கற்றுக்கொண்டான். நீ அப்படித் திரும்பிக்கொள்ள என்னிடம்தான் கற்றாய். இதைச் சீதனமாகக் கொடுத்து உன்னை நான் அனுப்பக் கூடாது.

மறுநாள் காலை பழைய பைலைத் தேடி அந்த ஸ்கூட்டிக்காரியின் விலாசம் எடுத்தேன். அவள் பெயர் சுலோச்சனா, ஊர் கங்காதர நெல்லூர். அங்கிருந்து தினமும் ஸ்கூட்டியில் சித்தூருக்கு வந்து ஒரு கடையில் தைத்துக்கொண்டிருந்தவள். நான் போனபோது வீட்டில் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன், அன்று நான் லெஃப்ட் போட்டிருந்தேன், நீங்கள் பார்த்தது சரி என்று. அவள் மிஷினை நிறுத்தினாள். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள், கை அவளைக் கேட்காமலே அங்கே போகிறது போலிருந்தது.

“மூணு டாக்டர் கிட்ட கண்ணு பாத்துக்கினேன் சார்,” என்றாள். “மூணு பேரும் கண்ணு நல்லாத்தான் கீதுன்னாங்க. கண்ணுல கோளாறு இல்லன்னா அப்பறம் புத்தியிலதான்னு நெனச்சிக்கினேன். இல்லாத லைட்டு எனக்கு எப்டி தெரிஞ்சிதுன்னு.” கை ஒரு வருடத்தில் சேர்ந்துவிட்டதாம், கொஞ்சம் கோணல், ஆனால் தைக்க வருகிறது. ஸ்கூட்டியைத்தான் விற்றுவிட்டார்கள். கண் தெரியாதவளை ரோட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று புருஷன் சொல்லிவிட்டான். பஸ்ஸை நம்பிக் கடைக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை, கடை வேலை போனது. ஊசியில் நூல் கோப்பதற்குக்கூட இரண்டு தடவை பார்க்கிறேன் என்றாள். கையை உடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். உடைத்தது கையை மட்டும் இல்லை என்று அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன். அவளுடைய கண்ணின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையை, ஒரு நிமிட ஆபீஸ் தெலுங்கில் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “வூட்டுக்காரரு மதியம் சோத்துக்கு வருவாரு. அதுவரிக்கும் இரு சார். என் கிட்ட மட்டும் சொன்னா பத்தாது.” அப்போதுதான் ஒரு ஸ்டூலைக் காட்டினாள். ஜாக்கெட் துணிகளுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிற அவள் புருஷன் முருகேசன் வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும், சொல்லு சார் என்றாள். சொன்னேன், பல்பை அணைத்தது உட்பட. அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தான். அன்னிக்கி ஏன் சொல்லல என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பயம் என்று சொல்லியிருக்கலாம், போலீஸ் கேஸ் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் என் பெண் இருந்தாள், அவள் சொன்னபடியே ஆகிவிட்டது, அவள் முன்னால் நான் தோற்கக் கூடாது என்று இருந்தது என்றேன். அந்தச் சின்னத்தனத்தை வெளியே எடுத்து வைத்தபோது அது இன்னும் சின்னதாகத் தெரிந்தது. அவன் சுலோச்சனாவைப் பார்த்தான். நான்கு வருடம் கண் தெரியாதவள் என்று அவன்தானே சொல்லிக்கொண்டிருந்தான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினான்.

எழுதிக் கொடு என்றாள் அவள். எழுதினேன். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் பேனா தானாக ஓடியது: சைகை விளக்கு தொடர்பாக ஏற்பட்ட குழப்பத்தினால் மேற்படி விபத்து நேர்ந்தது. அவள் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், ஊரில் உள்ள டிரைவர்களை எல்லாம் நான் பார்க்கிற அதே பார்வை. “இதுல யாரு சார் கொழம்பினது? நான் கொழம்பல. நல்லா பாத்துட்டுதான் வந்தேன்.” எழுதியதை அடித்துவிட்டு அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நேராகப் போனேன். சுலோச்சனா அதைச் சரியாகப் பார்த்தார். நான் போலீஸிடம் பொய் சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டேன். போலீஸ் ஸ்டேஷனிலும் என் ஆபீஸிலும் கொடுக்க நகல் எடுத்துக்கொண்டு, அசலை அவளிடம் கொடுத்தேன். கொடுத்தும் ஆயிற்று. என் சர்வேயர் லைசென்ஸ் போனால் போகட்டும். உன் கல்யாண நேரத்தில் இது தேவையா என்று உன் அம்மா அழுகிறாள், நீதான் அவளைத் தேற்ற வேண்டும்.

தினேஷ் கேட்டதற்கு இதுதான் என் பதில். போட வேண்டும் மாப்பிள்ளை. எவ்வளவு சின்ன ரவுண்டானாவாக இருந்தாலும் போட வேண்டும், சரியான நேரத்தில் போட வேண்டும். என் பெண் சொன்னது சரி, அன்றும் சரி, இன்றும் சரி. அவள் சொல்லும்போது சிரிக்காதே. கண்ணு, அவன் சிரித்தால் நீயும் ஜன்னலைப் பார்க்காதே. அவன் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல்.

சுலோச்சனா வீட்டிலிருந்து நான் கிளம்பியபோது நல்ல வெயில். சந்து முனையில் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. வண்டியைக் கிளப்பினேன். அவள் வாசலுக்கு வந்து நின்று, எந்தப் பக்கம் போவாய் என்று கேட்டாள். ரைட் என்றேன். “அப்ப போடு,” என்றாள். போட்டேன். அவள் செருப்புகூடப் போடாமல் இறங்கி வண்டிக்கு முன்னால் வந்து, குனிந்து, மின்னுகிற விளக்கைப் பார்த்தாள். பின்னால் போய் அங்கேயும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “ரைட்டுதான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

உன் நைனா